சில்லில் கட்டிய நேர்த்தி

எண்பத்தாறாம் ஆண்டு, ஆவணி மாதத்து மூன்றாம் வெள்ளி, காலை ஏழு மணி. சரவணைக் கிராமத்தில் சத்தியபாமாவின் மில், மூன்றாவது பேரிங்கையும் தின்றுவிட்டு நின்றது.

மெக்கானிக் தம்பிஐயா உடைந்த பேரிங் குண்டுகளை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்.

"பிள்ளை, நீர் மிளகாய் அரைக்கிறீரோ, மில்லை அரைக்கிறீரோ?"

"நக்கலை விட்டிட்டு மற்றதைப் போடுங்கோ, அண்ணை."

"இதுதான் கடைசி. யாழ்ப்பாணக் கடையளிலையும் இல்லை. இதுவும் போனால் மில்லைப் பூட்ட வேண்டியதுதான்."

அது அவளுக்குத் தெரியும். கணவன் செத்தபிறகு வீட்டில் அடுப்பெரிவது மில்லால்தான். மாசியில் தொடங்கிய அதிர்வு. அத்திவாரத்துக்குச் சீமெந்து போட்டாயிற்று, அச்சை நிமிர்த்தியாயிற்று. அதிர்வோ மாதத்துக்கு மாதம் ஏறியது.

புதுப் பேரிங் ஏறியது. தம்பிஐயா பெல்ட்டை மாட்டப் போனார்.

"பொறுங்கோ."

மில்லின் பெரிய சில்லை, அந்த இரும்புச் சக்கரத்தை, கையால் தள்ளிவிட்டாள். அது சுற்றி, தயங்கி, பின்னுக்கு ஆடி நின்றது. அடியில் வந்த இடத்தில் சோக்கட்டியால் கோடிட்டாள். மறுபடி தள்ளினாள். கோடு அடிக்கு வந்தது. இன்னொரு முறையும் அடிக்கே வந்தது.

"ஒரு பக்கம் பாரம்," என்றார் தம்பிஐயா.

கோட்டுக்கு நேரே, ஆரக்காலில், மஞ்சள் துணி முடிச்சொன்று கம்பியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கணவனின் அக்கா ஞானசவுந்தரியின் நேர்த்திக்கடன். மார்கழியில் வள்ளமேறி அக்கரைக்குப் போன மகனிடமிருந்து தகவல் இல்லை. சுற்றுவதில் கட்டினால் சுற்றித் திரும்பி வருவான் என்று, நயினை அம்மனுக்கு நேர்ந்து வெள்ளிதோறும் அதில் ஒரு காசு முடிந்துவந்தாள். எல்லோர் கண்ணிலும் பட்டதுதான். அதற்குப் பாரம் உண்டென்று ஒருவரும் நினைக்கவில்லை.

தம்பிஐயா கம்பி வெட்டும் குறடொன்றை எடுத்தார். "வெட்டவோ?"

அன்றைய காசோடு ஞானசவுந்தரி வாசலில் நின்றாள்.

"அவன் வந்தாப்பிறகுதான் அவிழ்க்கலாம்."

"ஒருத்தரும் அவிழ்க்கேல்லை, மச்சாள்."

சத்தியபாமா பழைய நட்டுகளைத் துணியில் பொதிந்து எதிர் ஆரக்காலில் கட்டினாள். தள்ளினாள். கோடு மேலே போய் நின்றது. இரண்டு நட்டை எடுத்தாள். பிறகு ஒன்றைச் சேர்த்தாள். மிளகாயோடு வந்தவர்கள் படலையில் முணுமுணுத்தார்கள். அவள் திரும்பவில்லை. சில்லு விட்ட இடத்திலேயே நிற்கும்வரை கையெடுக்கவில்லை.

பெல்ட்டை மாட்டியதும் எஞ்சின் ஓடியது. தம்பிஐயா பேரிங் மேல் கைவைத்துப் பார்த்து, அதிர்வில்லையென்று தலையாட்டினார்.

நிறுத்தியதும் ஞானசவுந்தரி அன்றைய காசை முடிந்தாள். சத்தியபாமா எதிர்ப்பக்கம் ஒரு வாஷரைச் சேர்த்துக் கட்டினாள். ஞானசவுந்தரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீ ஆர் வரவேணுமெண்டு கட்டுறாய், பாமா?"