உப்பு மண்

தேவாரத்து மலையடிவாரச் சாவடியில் விடிந்ததிலிருந்து பதினோரு பேர் வெயிலில் குந்தியிருந்தார்கள். எல்லாரும் மலைமேல் காப்பித் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்த கூலிகள். சேவகன் கருத்தக்கண்ணன் ஒவ்வொரு துணிமூட்டையாக அவிழ்த்துத் தரையில் உதறினான். வெள்ளைக்கார சர்க்காருக்குத் தீர்வை கட்டாத உப்பைத் தேடுகிறானாம். உப்புக் காய்ச்ச ஓடைக்கரையில் உப்பு மண் சுரண்டியதற்காகப் போன மாசியில் மூன்று பேர் ஜெயிலுக்குப் போயிருந்தார்கள்.

மதலேனாள் ஏழாவது ஆள். மடியில் செருகியிருந்த காகிதப் பொட்டலத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதில் கொயினா மருந்து இருந்தது. அவள் புருஷன் இருதயம் மலைக்காய்ச்சலோடு ஊரில் கிடந்தான். ஒருநாள் விட்டு ஒருநாள், உச்சி சாய்ந்ததும் குளிர் வந்து ஆளைத் தூக்கிப் போடும். "இன்னொரு குளிர் தாங்கமாட்டான். அது வர்றதுக்கு முன்னாடியே மருந்து உள்ள போயிரணும்" என்று சொல்லித்தான் தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்தனுப்பினார். இன்று குளிர் வருகிற நாள். ஊருக்கு இன்னும் ஒரு நாழிகை நடை.

மணியோசை கேட்டது. வைகுண்டராஜ் முதலாளியின் பொதிமாடுகள் ஒன்பதும் மலைப்பாதையில் இறங்கின. உள்ளே உட்கார்ந்திருந்த ஏட்டு எழுந்து கும்பிடு போட்டார். "என்ன ஏட்டய்யா, சொகந்தானே?" என்றார் முதலாளி. அவ்வளவுதான் சோதனை. கடைசிக்கு முந்தின மாட்டின் கோணியில் ஓட்டை. அதிலிருந்து வெள்ளையாகச் சிந்தியதைப் பின்னால் வந்த மாடு நக்கிக்கொண்டே போனது.

"அந்த மூட்டையெல்லாம் பாக்கலையா சாமி?" என்று பவுனு கேட்டாள். அவள் மதலேனாளுடன் இறங்கி வந்த பறிப்புக்காரி.

"யாரப் பாக்கணும், யார விடணும்னு ஒங்கிட்டக் கேட்டுச் செய்யணுமோ? மொகத்தப் பாத்தாலே தெரியும் எனக்கு" என்றான் கருத்தக்கண்ணன். பவுனுவின் சோற்றுச் சட்டி உருண்டு ஓடியது.

மதலேனாளின் முறை வந்தது. மூட்டையில் ஒன்றுமில்லை. "மடில என்ன?" என்று கேட்டவன், பதிலுக்கு நிற்காமல் கையைவிட்டுப் பொட்டலத்தை உருவினான். பத்துப் பேர் பார்க்க ஒருத்தியின் மடியில் கைவைக்கிற அதிகாரம் காக்கித்துணிக்குள் எங்கேதான் தைத்திருக்கிறதோ! அவள் கூசிப்போய் நின்றாள்.

"மருந்துய்யா. காச்சலுக்குக் குடுத்தாக."

அவன் பொட்டலத்தைப் பிரித்தான். வெள்ளைத் தூள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். முகம் அஷ்டகோணலானது. தூவென்று துப்பிவிட்டுப் பொட்டலத்தைத் தரையில் விசிறியடித்தான். "எமகசப்பு! என்ன வெசத்தடி கொண்டாந்த?"

மதலேனாள் அலறிக்கொண்டு குனிந்தாள். தூள் புழுதியோடு கலந்து கிடந்தது. நகத்தால் மண்ணோடு சேர்த்துச் சுரண்டி முந்தானையில் போட்டாள். கரைத்து வடிகட்டினால் கொஞ்சமாவது மருந்து தேறாதா? பவுனுவும் சேர்ந்து சுரண்டினாள்.

மதலேனாள் அதை முடிந்துகொண்டு எழுந்தபோது ஏட்டு வெளியே வந்தார். காலையிலிருந்து ஒரு கேசும் சிக்கவில்லை. தாசில்தாருக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். முடிச்சைப் பார்த்தார். "என்னலே இது?"

கருத்தக்கண்ணன் ஒரு கணம் யோசித்தான். "உப்பு மண்ணுய்யா. எங் கண்ணு முன்னாடியே சுரண்டுனா."

"அய்யா! கசக்குதுன்னு நீங்கதானே துப்புனீக!" மதலேனாள் முடிச்சை இறுக்கிப் பிடித்தாள். "நெசத்தச் சொல்லுங்கய்யா. எம் புருஷன் உசுரு இதுலதான் இருக்கு. வேணும்னா என்னய இங்கனயே கட்டிப் போடுங்க. இத மட்டும் இவகிட்டக் குடுத்து விடுங்க!"

"சாட்சிப் பொருள எப்படிக் குடுக்க?" என்றார் ஏட்டு. முந்தானையைக் கிழித்து, முடிச்சோடு மேசைமேல் வைத்து, அரக்கை உருக்கி முத்திரை குத்தினார். பவுனு வெறுங்கையோடு ஊரை நோக்கி ஓடினாள்.

ஓட்டைக் கோணியிலிருந்து சிந்தியது பாதை நெடுகப் பளிச்சென்று கிடந்தது. தூணில் கட்டப்பட்ட மதலேனாள் தன் காலடியைப் பார்த்தாள். நிழல் கிழக்கே சாயத் தொடங்கியிருந்தது.

சாவடி மூலையில் கருத்தக்கண்ணன் இரண்டாவது செம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான். கசப்பு இன்னும் போகவில்லை.