வெயில் ஏற்றிய விளக்கு

கோலசிலாங்கூரில் எங்கள் மூலை வீட்டுத் தோட்டம் மிகப் பெரியது. கேட்டிலிருந்து பலா மரத்துக்குப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். அளவு நாடா வேறு கணக்குச் சொல்லும். எஸ்டேட் லோரியில் செம்பனைக் குலை ஏற்றியே ஓய்வு பெற்றவன் நான், அளவு நாடாவையெல்லாம் நம்புவதில்லை.

இந்தத் தோட்டத்துக்கு விளக்கு வாங்க என் மனைவி திலகா ஹார்ட்வேர் கடையில் ஒரு யுகம் நின்றாள். நாங்கள் உள்ளே போனபோது கடைக்காரச் சீனருக்குத் தலை கறுப்பு; வெளியே வந்தபோது பஞ்சாக நரைத்திருந்தது. சோலார் விளக்கு ஒவ்வொன்றையும் எடுத்து, அதன் தலையிலிருக்கும் தகட்டை உள்ளங்கையால் மூடுவாள். இருட்டிவிட்டதென்று நம்பி விளக்கு எரியும். வெள்ளையாக எரிந்தால் "ஆஸ்பத்திரி" என்று திரும்ப வைத்துவிடுவாள். மஞ்சளாக எரிந்தவை மட்டுமே எங்களோடு வந்தன.

எது எங்கே என்பதும் அவள் முடிவுதான். நடைபாதை ஓரத்தில் முழங்காலுக்குக் கீழே, கண்ணில் குத்தாமல். மல்லிகைக் கொடிக்கு முன்னால் ஒன்று, அதன் நிழல் சுவரில் விழும்படி. பின்பக்க வாய்க்கால் ஓரம் கூடவே கூடாது, மின்மினி வரும் இடம். கடைசி விளக்கு பலா மரத்தடியில், சாயங்காலம் அவள் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில். அங்கே வெயிலே படாதே, எப்படி எரியும் என்று கேட்டேன்.

"பகல்ல வெயில்ல கொண்டு போயி வைங்க, பொழுது சாய எடுத்தாந்து வைங்க. ரிட்டயர் ஆயி வேற என்ன வேல உங்களுக்கு?"

தீபாவளிக்கு நடலாமென்று பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஆடியில் நெஞ்சு வலிக்கிறது என்றாள். அவளுக்குப் பிடிக்காத அந்த வெள்ளை வெளிச்சத்தில்தான் போய்ச் சேர்ந்தாள்.

துக்க வீட்டில் வருஷம் திரும்பும்வரை தீபாவளி கிடையாது. முறுக்கு இல்லை, புதுத்துணி இல்லை, வாசலில் அலங்கார விளக்கு இல்லை. இதைக் காவல் காக்கவென்றே கலும்பாங்கிலிருந்து என் அக்கா இராஜம்மா வந்து இறங்கினாள். சாங்கிய சம்பிரதாயத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. எமனுக்கே சந்தேகம் வந்தால் அக்காவுக்குத்தான் போன் போடுவான்.

எனக்கோ, அந்தத் தோட்டம் திலகா நினைத்தபடி இந்தத் தீபாவளிக்கு எரிந்தாக வேண்டும். அடுத்த வருஷத்தை எனக்கு யாரும் எழுதித் தரவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் காலை, அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து விளக்குகளைத் திலகா சொன்ன இடங்களில் நட்டேன். பலா மரத்து விளக்கை மட்டும் கேட்டருகே வெயிலில் வைத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அக்கா பார்த்துவிட்டாள்.

"என்னடா வீரா இது? சாவு விழுந்த வீட்ல வெளக்கு போடுறியா? ஊரு சிரிக்கும்லா."

"நான் எங்கக்கா போடுறேன்? சுவிட்சே கெடையாது. வெயிலு பட்டா ஏறும், இருட்டுனா எரியும். சூரியன்கிட்ட போயி சாங்கியம் பேசு."

அக்கா அண்ணாந்து சூரியனை ஒரு முறை முறைத்தாள். பிறகு, அந்த ஒன்று மட்டும் ஏன் கேட்டருகே தனியாக நிற்கிறது என்று கேட்டாள். திலகா சொன்னதைச் சொன்னேன். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று அக்கா உள்ளே போய்விட்டாள். அடுப்பே பற்ற வைக்கவில்லை.

மதியம் திலகாவின் படையலுக்கு வாழையிலை வாங்க மோட்டார் சைக்கிளில் சந்தைக்குப் போனேன். திரும்புகையில் மழை. சிலாங்கூர் ஆறு எழுந்து நின்று நடந்து வந்தது போல ஒரு மழை. பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றவன் வீடு சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கேட்டருகே விளக்கைக் காணோம். அக்கா வீசியிருந்தால் அது இந்நேரம் சுமத்ராவில் விழுந்திருக்கும்.

அக்கா பலா மரத்தடியில் குடை பிடித்து நின்றிருந்தாள். புடவையில் முழங்கால்வரை சேறு. விளக்கு நாற்காலிக்குப் பக்கத்தில் நடப்பட்டிருந்தது. முந்தானையால் அதன் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மழைக்கு முன்னாடி, வெயிலு போற பக்கமெல்லாம் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்டா, கைப்புள்ள மாதிரி" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "நான் ஏத்தல. வெயிலுதான் ஏத்துச்சு. எவளாச்சும் கேட்டா அப்படியே சொல்லு."

நடைபாதை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மல்லிகையின் நிழல் சுவரில் ஏறியது. பலா மரத்து விளக்கு மட்டும் எரியாமல் யோசித்துக்கொண்டிருந்தது. குனிந்து, தகட்டை என் உள்ளங்கையால் மூடினேன்.

எரிந்தது. நாற்காலியின் இருக்கையில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. மஞ்சள் வெளிச்சம் போய் அதில் உட்கார்ந்தது.

இதைப் பார்த்து எங்கள் ஊர் மெலாவாத்தி குன்றின் கலங்கரை விளக்கமே வெட்கத்தில் அணைந்துவிடும் என்று அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல், அவள் கையிலிருந்த குடையை வாங்கி நாற்காலிக்கு மேலே பிடித்தேன்.