இல்லாத தையல்காரிக்காக ஓர் உபவாசம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் போனில் அழுதபடி பேசியதை ஒட்டுக்கேட்டு—

பொய். நான் பேருந்தில் போவதே இல்லை. மறுபடி ஆரம்பிக்கிறேன்.

இந்தக் கதை ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து வந்தது. எங்கள் சபையில் புதன்கிழமை மாலைகளில் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். ஜெபிக்க வேண்டிய காரியத்தைச் சீட்டில் எழுதி அந்த டப்பாவில் போட்டுவிட வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாகப் படிப்பார். மற்றவர்கள் கண்ணை மூடி ஜெபிப்பார்கள். பெயர் இல்லாததால் யாரும் தப்பித்ததாக வரலாறு இல்லை. "மருமகள் மனம் மாற" என்று ஒரு சீட்டு வந்தால் மூடிய கண்களோடே எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பும்.

அந்த டப்பாவில் நான் என் கதாபாத்திரத்துக்காக ஒரு சீட்டுப் போட்டேன். "ஒரு தையல்கார சகோதரி. வலது கை நடுங்குகிறது. பட்டனுக்குக் காஜா எடுக்க முடியவில்லை. ஜெபிக்கவும்."

அப்படி ஒரு சகோதரி உலகத்தில் கிடையாது. எழுதிக்கொண்டிருந்த கதை நடுவில் நின்றுபோயிருந்தது. அவளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மேலிடத்தில் ஒரு வார்த்தை போட்டுப் பார்ப்போமே என்று தோன்றியது. சபையின் பலகையில் பாட்டு எண்களை எழுதுகிறவன் நான் என்பதால் என் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும். அதனால் இடது கையால் எழுதினேன். [இந்த இடது கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வினை வருவது அதனால்தான்.]

2

தையல்காரியின் கதைக்கு இரண்டு தொடக்கங்கள் எழுதிப் பார்த்திருந்தேன்.

"ஆறாவது முறையாக அவள் ஊசியில் நூல் கோர்க்க—" (அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே வாசகர் கையில் கைக்குட்டையைத் திணிப்பது மரியாதை இல்லை.)

"பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் பதினெட்டு மெஷின்கள். அவளுடையது ஜன்னலோரம். அங்கே வெளிச்சம் அதிகம் என்பதால் கையின் நடுக்கமும்—" (இது பரவாயில்லை. ஆனால் இதற்குமேல் அவள் நகர மறுத்தாள்.)

நகர மறுத்தது மட்டுமல்ல, பேசவும் ஆரம்பித்தாள்.

"சார், எனக்கு எதுக்கு கை நடுங்குது?"

"கதைன்னா ஒரு கஷ்டம் வேணும்லம்மா."

"கால்ல குடுத்திருக்கலாமே? தையல்காரிக்குப் போய் கையிலயா குடுப்பாங்க?"

"கொஞ்சம் பொறு."

"சரி, டாக்டர்கிட்டயாவது அனுப்பக் கூடாதா? மூணு தடவை பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்க வெச்சுட்டு, மூணு தடவையும் திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

"டாக்டர் சீன் எனக்கு எழுத வராது."

"எழுத வராதா, போக வராதா?"

வாயாடி. இவளை இப்படிப் படைத்தது என் தப்புதான்.

சரி, ஒளித்து என்ன ஆகப்போகிறது. கை என்னுடையது. நான் பல் செட் செய்கிறவன். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து மெழுகில் ஈறு செதுக்கி, பல் வரிசை கட்டி, மெருகேற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. கதை எழுதுவது சாப்பிட்டபின் பல் குத்துவது மாதிரி, ஒரு பழக்கம். நான்கு மாதமாக, மெழுகுக் கத்தியைப் பிடித்தால் வலது கட்டைவிரல் தன் இஷ்டத்துக்கு ஆடுகிறது. போன வாரம் ஒரு முன்பல்லின் ஓரத்தைச் சீவப் போய்ப் பல்லையே சீவிவிட்டேன். நரம்பு டாக்டரிடம் பார்க்கும் தேதிச் சீட்டு எங்கள் ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டியிருக்கிறது. இரண்டு முறை தேதியைத் தள்ளிப் போட்டாயிற்று. டாக்டர் வாயிலிருந்து என்ன வியாதியின் பெயர் வரும் என்று பயமாக இருந்தது. அந்தப் பெயர் வந்துவிட்டால் இந்தத் தொழில் போய்விடும். இதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது.

என் மனைவி கண் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். அவளிடம் எதை மறைப்பது?

"என்னங்க, இந்தத் தேதியையும் மாத்திட்டீங்களா?"

"வேலை ஜாஸ்தி."

"டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிக்கிறீங்களே, அதுவும் வேலை ஜாஸ்திதானா?"

இந்த இடத்தில் ஒரு விசுவாசியான நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஞாயிறு காலையில் எல்லாவற்றையும் ஆண்டவர் கையில் ஒப்படைத்துவிட்டதாகத் தொண்டை கிழியப் பாடுகிறவன் நான். பாடி முடித்து உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கிக்கொள்வேன். ஜெபிக்கும்போதும் ஒரு கண் பாதி திறந்தே இருக்கும். அவர் சரியாகச் செய்கிறாரா என்று யாராவது பார்த்துக்கொள்ள வேண்டாமா?

கதை எழுதுவதிலும் அப்படியே. முடிவை முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் முதல் வரிக்கு வருவேன். இந்த ஒரு கதைக்குத்தான் முடிவு எழுதக் கை வரவில்லை.

3

இப்போது எக்ஸ்சேஞ்ச் அக்கா வருகிறார்.

முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் இணைத்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். டப்பாவிலிருந்து சீட்டுகளை எடுத்துப் படிப்பது அவர்தான். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. ஜெபத்தைப் பற்றி அவருக்கு ஒரே கொள்கை. "மணி அடிச்சுக்கிட்டே இருக்கணும். எடுக்கலைன்னு நாம வெச்சுடக் கூடாது."

சீட்டுப் போட்டு மூன்று வாரம் இருக்கும். ஒரு நாள் பகலில், நான் பல் செய்யும் லேப்பின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய மேல் செட் நான் செய்தது. அதைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தம்பி, ஆடுது. ஸ்தோத்திரம்னு சொன்னா நான் ஒரு பக்கம் போறேன், பல்லு ஒரு பக்கம் போகுது."

அச்சு எடுத்துப் பார்த்தேன். ஈறு வற்றியிருந்தது. ஆளும் வற்றித்தான் இருந்தார்.

"உடம்பு இளைச்சிருக்கீங்களே அக்கா. சரியா சாப்பிடறீங்களா?"

"மதியம் சாப்பிடறதில்லை. நாப்பது நாள் உபவாசம். இன்னைக்கு பத்தொம்பது. யார்கிட்டயும் சொல்லிடாதே. சொல்லிட்டா அது உபவாசம் இல்லை, விளம்பரம்."

"எதுக்கு அக்கா?"

"அந்தத் தையல்காரப் பொண்ணுக்குத்தான். படிச்சதுலேருந்து மனசே ஆறலை. கையை நம்பிப் பிழைக்கிறவ. யாரோ, எவளோ, பாவம்."

என் கையிலிருந்த மெழுகுக் கத்தி தரையில் விழுந்தது. அதற்கு நடுக்கம் காரணமில்லை.

"உங்களுக்கு சர்க்கரை இருக்கு அக்கா!"

"காலையில சாப்பிட்டுத்தானே மாத்திரை போடறேன். மதியம் மட்டும் பல்லைக் கழட்டி டப்பாவுல வெச்சிடுவேன். பல்லு வாயில இருந்தா எதையாவது கடிக்கச் சொல்லுது."

செட்டின் உட்புறம் ஒரு பூச்சுக் கொடுத்து இறுக்கினேன். வாயில் வைத்து, ஆடுகிறதா என்று இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தபடி இருந்தார். போகும்போது மட்டும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.*

* ஒரு நல்ல எழுத்தாளன் இந்தப் பார்வையைக் கவனித்திருப்பான். நான் பல்லைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

4

இப்போது நெருக்கடி புரிகிறதா? நான் காகிதத்தில் பெற்ற ஒருத்திக்காக ஒரு நிஜமான பெண்மணி, நிஜமான சர்க்கரையோடு, நிஜமாகப் பட்டினி கிடக்கிறார். இன்னும் இருபத்தொரு நாள் பாக்கி. உண்மையைச் சொன்னால் "யாருடைய கை?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தானே தையல்காரியையே கண்டுபிடித்தேன்.

தையல்காரியைக் கொன்றுவிடலாமா என்று யோசித்தேன். ("பாவி!" என்றாள் அவள்.) கொன்றால் அக்கா அவள் பிள்ளைகளுக்காக இன்னொரு நாற்பது நாள் தொடங்கிவிடுவார். வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அக்காவின் ஜெபத்துக்கு எந்த நாடு வெளிநாடு? என் மனைவியின் சித்தி மகளைத் தையல்காரியாக நடிக்கவைத்து ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல—

வேண்டாம். அவளுக்கு ஊசியைக்கூட எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாது.

கடைசியில் எல்லா மோசமான எழுத்தாளர்களும் செய்வதைச் செய்தேன். அற்புதம் நடத்திவிட்டேன். புதிய சீட்டு ஒன்றை, மறக்காமல் இடது கையால், எழுதினேன். "தையல்கார சகோதரிக்கு முழுச் சுகம் கிடைத்தது. ஸ்தோத்திரம். இனி உபவாசம் வேண்டாம்."

"எனக்குச் சுகமாயிடுச்சா?" என்று கேட்டாள் தையல்காரி. கையை நீட்டினாள். அது ஆடிக்கொண்டிருந்தது. "இதை அந்தம்மா நம்புவாங்களா?"

"நம்பறதுதான் அவங்க வேலை."

"உங்க வேலை என்ன சார்?"

நோட்டை மூடினேன்.

5

புதன்கிழமை. டப்பாவிலிருந்து மூன்றாவதாக என் சீட்டு வந்தது. அக்கா அதை வாய்க்குள் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு முதல் இரண்டு வரியை மட்டும் சத்தமாகப் படித்தார். கூட்டம் "ஸ்தோத்திரம்" என்று அதிர்ந்தது. போதகர் கைதட்டினார். என் பக்கத்தில் மனைவி தட்டவில்லை.

கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, ஒரு விஷயம் கேக்கணும். சுகமாயிடுச்சுன்னு சீட்டு சொல்லுது. ஆனா எழுத்து இன்னும் ஆடுதே?"

நான் இன்னும் மும்முரமாகச் செருப்பைத் தேடினேன்.

"முதல் சீட்டுலயும் இதே ஆட்டம். அப்பவே நினைச்சேன், வியாதிக்காரங்களே எழுதினது இதுன்னு. எக்ஸ்சேஞ்சுல எத்தனை பேரைப் பாத்திருக்கேன். 'என் ஃப்ரெண்டுக்காகக் கேக்கிறேன்'னு சொல்றவன் ஃப்ரெண்டுக்காகக் கேட்டதே கிடையாது. அப்புறம், உபவாசம். அதை உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். அதுக்கும் மேல, அன்னைக்கு என் வாய்க்குள்ள உன் விரல் தந்தி அடிச்சது."

நான் துப்பறியும் கதை எழுதாதது தமிழுக்கு நல்லதாயிற்று.

ஒன்று கவனித்தீர்களா? எழுத்து ஆடியது நான் இடது கையால் எழுதியதால். நடுக்கம் வலது கையில். அக்காவின் முதல் சாட்சியமே தப்பு. ஆனால் நேராக என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டார். இதை இன்றுவரை அவரிடம் நான் சொல்லவில்லை. மேலே ஒருவருக்குத் தெரியும். அவர் அன்று சிரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

"அப்போ இத்தனை நாள் உபவாசம் வீணாப் போச்சா அக்கா?" என்றேன்.

"எதுக்கு வீணாகும்? நான் பேர் தெரியாமத்தான் கேட்டேன். அவருக்கு விலாசம் தெரியாதா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர்கிட்ட எப்போ?"

"நாளைக்குத்தான் தேதி. மாத்தலாம்னு—"

"மாத்தாதே. நீ உள்ள போயிட்டு வெளிய வந்த அன்னைக்கு நான் மதியம் சாப்பிடறேன். அதுவரைக்கும் இல்லை."

"டாக்டர் கெட்டதா ஏதாவது சொல்லிட்டா?"

"என்ன சொன்னாலும் சாப்பிடுவேன். சாப்பிட்டுட்டு அடுத்து என்னன்னு கேப்போம். நீ என்னமோ அவர் நல்ல சேதி மட்டும்தான் அனுப்புவார்னு நினைச்சுக்கிட்டு, போனையே எடுக்காம இருக்கியே தம்பி."

என் மனைவி எனக்கு முன்னால் என் செருப்பைக் கண்டுபிடித்துக் காலடியில் நகர்த்தி வைத்தாள். நான் அழுதேன். செருப்பு மாட்டக் குனிந்திருந்ததால் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது.

6

இதை நரம்பு டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வலது கையால். என் டோக்கன் பதினேழு. இப்போது பதினாறு உள்ளே இருக்கிறார். பச்சை நாற்காலிகள், தண்ணீர் இயந்திரம், சத்தம் இல்லாமல் ஓடும் டிவி. ஒரு பக்கம் மனைவி. இந்த எழுத்தை எட்டிப் பார்த்து, "கிறுக்கினாலும் படிக்க முடியுது" என்கிறாள். இன்னொரு பக்கம் எக்ஸ்சேஞ்ச் அக்கா. மடியில் ஒரு சாப்பாட்டு டப்பா, அதன்மேல் ஒரு சின்ன பல் டப்பா. மணி பன்னிரண்டே முக்கால். அக்கா இதுவரை மூன்று முறை, பல் இல்லாத வாயால், "எத்தனாவது நம்பர் போவுது?" என்று கேட்டுவிட்டார். பசி.

முடிவுக்கு வருவோம். நியாயமாகப் பார்த்தால் நான் இப்போது உள்ளே போய், வெளியே வந்து, அதற்குப் பிறகுதான் இந்தப் பகுதியை எழுத வேண்டும். டாக்டர் "ஒண்ணுமில்லை, தூக்கம் போதலை" என்று சொன்னதாக ஒரு முடிவு. அந்தப் பெயரைச் சொன்னதாக ஒரு முடிவு. முதல் முடிவை எடுத்துக்கொண்டால் சபைக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள், இரண்டாவதை எடுத்துக்கொண்டால் இலக்கியக்காரர்கள். இரண்டையும் எழுதிப் பார்க்கக் கை பரபரக்கிறது. நான்கு மாதமாக இரவும் பகலும் மனசுக்குள் அதைத்தானே எழுதிக்கொண்டிருந்தேன்.

இந்த ஒன்றை நான் எழுதப் போவதில்லை. பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஆனாலும் எழுதப் போவதில்லை. நோட்டை மூடி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் எங்காவது ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தேதி ஒட்டியிருக்கும். அதை நினைத்து எழுதினால் நன்றாக வரும்.

"என்னை என்ன பண்றதா உத்தேசம்?" என்கிறாள் தையல்காரி. அவளும் வந்திருக்கிறாள், நாற்காலிதான் கிடைக்கவில்லை.

தெரியலைம்மா. வா, உள்ளே போய்க் கேட்போம்.

பதினாறு வெளியே வருகிறார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பெண் ஒருத்தி கதவைத் திறந்து என் எண்ணைக் கூப்பிடுகிறாள். நான் இன்னும் எழுந்திருக்கவில்லை, இந்த வரியை முடித்துக்கொண்டிருக்கிறேன். அக்கா அதற்குள் டப்பாவைத் திறந்து பல்லை எடுத்து மாட்டிக்கொண்டுவிட்டார்.