இடது பக்கச் சோதனை

மூத்த மருமகளுக்குத் தலைசுற்றல் வந்து மூன்று வாரமாயிற்று. அந்த மூன்று வாரமும் இளையவளுக்கு வயிற்றெரிச்சல்.

படுக்கையில் புரண்டால் அறையே சுற்றுகிறது என்று மூத்தவள் சொன்ன நாளிலிருந்து வீடே அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. மாமியார் கட்டிலுக்கே சாப்பாடு கொண்டுபோனார். மகன்கள் இருவரும் அந்த அறைப் பக்கம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இளையவளோ ஆஸ்பத்திரி வேலை முடிந்து கால் கடுக்க வந்து, மூன்று வேளைப் பாத்திரத்தையும் தேய்த்தாள். போன வருடம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, கதவோரம் நின்று "மாத்திரை போட்டுக்கிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போன அதே மாமியார்தான்.

"எல்லாம் நடிப்பு. உட்கார்ந்து டிவி பாக்கறப்போ மட்டும் சுத்தாதாம்," என்றாள் கணவனிடம்.

"அதைக் கண்டுபிடிக்கிறதுதானே உன் வேலை. கூட்டிட்டுப் போய்ப் பாரேன்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

தலைசுற்றல், தள்ளாட்டம் என்று வருகிறவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்வதுதான் அவள் வேலை. கேமரா பொருத்திய கண்ணாடியை மாட்டிவிட்டால், கருவிழி திரையில் உள்ளங்கை அகலத்துக்குத் தெரியும். உள்காதில் கோளாறு இருந்தால் அது சொன்ன பேச்சைக் கேட்காமல் தானாகத் துடிக்கும். அந்தத் துடிப்பை நடித்துக் காட்ட யாராலும் ஆகாது. மூன்று வாரக் கூத்துக்கும் அரை மணியில் திரை விழுந்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

புதன்கிழமை காலை காது மூக்கு டாக்டர் மூத்தவளைப் பார்த்துவிட்டுச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"அந்தச் சிவப்புப் புள்ளியை மட்டும் பாருங்கக்கா. தலையை அசைக்காதீங்க."

புள்ளி தாவியது, கண்ணும் கச்சிதமாகத் தாவியது. புள்ளி நிதானமாக நகர்ந்தது. கண் வழுக்காமல் பின்தொடர்ந்தது. இளையவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. அடுத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று மல்லாக்கச் சாய்த்துப் பார்க்கும் சோதனை. முதலில் வலது பக்கம். ஒரு நிமிடம் திரையையே பார்த்தாள். கருவிழி கல்லுப்போல நின்றது.

இடது பக்கம் திருப்பப் போனபோது மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பக்கம் வேணாம்மா. அந்தப் பக்கம் சாஞ்சாத்தான் உயிரே போகுது."

யார் பயந்தாலும் இளையவள் தோளைப் பிடித்துத் தைரியம் சொல்லிச் சோதனையை எடுத்துவிடுவாள். ஆறு வருடத்தில் ஒருவரைக்கூட விட்டதில்லை. அன்று, "சரி, போதும்கா," என்று கண்ணாடியைக் கழற்றினாள். 'எல்லாம் இயல்பு' என்று எழுதி டாக்டரின் மேஜைக்கு அனுப்பினாள். டாக்டர் பார்க்கும்வரை காத்திருக்காமல் மாமியாரிடமும் சொல்லிவிட்டாள். "ஒண்ணுமே இல்லை அத்தை. நீங்க கிளம்புங்க."

மத்தியானம் டாக்டர் அவளைக் கூப்பிட்டார். "இடது பக்கப் பதிவு எங்கம்மா?"

"வேணாம்னு சொன்னாங்க சார்."

"சொன்னா அதை எழுதணும்ல? எடுக்காத சோதனைக்கு நீ எப்படி இயல்புன்னு எழுதின?"

டாக்டர் அந்தத் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "திரும்ப வரச் சொல்லு," என்றார் அவர்.

மூத்தவள் வந்தபோது அழுது முகம் வீங்கியிருந்தது. இத்தனை நாள் என்னை வேலைக்காரியாக்கிப் படுத்துக்கிடந்தாயா என்று மாமியார் வண்டியிலேயே ஆரம்பித்து, வீடு போய்ச் சேரும்வரை பிடிபிடியென்று பிடித்திருக்கிறார். இளையவள் ஆசைப்பட்டதும் அதைத்தான். கிடைத்தபோது அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

டாக்டர் பக்கத்தில் நிற்க, இளையவளே மூத்தவளின் தலையைப் பிடித்து இடது பக்கம் சாய்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினாள். நான்காவது நொடியில் கருவிழி சுழன்று சுழன்று மேல்நோக்கித் துடித்தது. மூத்தவள் அலறி, அவள் சட்டையைக் கொத்தாகப் பற்றிக்கொண்டாள்.

"காதுக்குள்ள இருக்கிற சின்னத் துகள் இடம் மாறிப் போயிருக்கு. கெட்ட நோய் எதுவும் இல்லை. தலையைத் திருப்பித் திருப்பியே பழைய இடத்துக்குக் கொண்டுபோயிடலாம்," என்றார் டாக்டர். அவர் சொல்லச் சொல்ல, இளையவள் அந்தத் தலையை வலப்புறம் திருப்பி, பிறகு உடம்போடு ஒருக்களித்து, ஒவ்வொரு நிலையிலும் பொறுத்திருந்து, மெல்ல எழுப்பி உட்காரவைத்தாள். சற்று நேரம் கழித்து மறுபடி சாய்த்தபோது கண் துடிக்கவில்லை.

"நின்னுடுச்சு," என்றாள் மூத்தவள், நம்பாதவள்போல.

டாக்டர் போன பிறகு இளையவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "காலைலயே எடுத்திருக்கணும்கா. நான் வேணும்னுதான் விட்டேன்."

"தெரியும். நீ போதும்னு சொன்ன வேகத்திலேயே தெரிஞ்சுது." மூத்தவள் செருப்பைக் காலால் தேடினாள். "என்கிட்ட சொன்னது போதாது. அத்தைகிட்ட நீயே உன் வாயால சொல்லணும்."

சாயங்காலம் இளையவள் சொன்னாள். மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. நேராக மூத்தவளின் அறைக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "வண்டில கண்டபடி பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே," என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

இளையவளுக்கு மறுபடி வயிறு எரிந்தது. தப்பெல்லாம் தன்மேல் என்று தெரிந்தும் எரிந்தது. பையை மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மூத்தவளும் வந்து, பக்கத்தில் நின்று, வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள்.