சாய்ந்த பைப் பிரிவு

அவருக்குக் காலர் என்று பெயர் வைத்த புண்ணியவான் யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. யாராக இருந்தாலும் ஆளைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார். எந்தப் பழைய புகைப்படத்தைக் கொடுத்தாலும் அவருடைய கண் நேரே சட்டைக் காலருக்குப் போகும். முகமெல்லாம் பிறகுதான். அவர் காதலித்த பெண் தன் குடும்பப் படம் ஒன்றை ஆசையாகக் கொண்டுவந்து காட்டினாள். "ஓரத்துல நிக்கிறாரே உங்க பெரியப்பா, அவர் போட்டிருக்கிறது விமானப்படை ஜாக்கெட். காலர்ல ரோமம் இருக்கு பாரு" என்றார். "அவர் கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது யாரு?" என்று அவள் கேட்டாள். யாரோ ஒரு குழந்தை என்றார் இவர். அதற்குப் பிறகும் அவள் இவரையே கல்யாணம் செய்துகொண்டாள் என்றால், அது முழுக்க முழுக்க அவளுடைய பெருந்தன்மை.

நகர அருங்காட்சியகத்தின் புகைப்படப் பிரிவில் அவருக்கு வேலை. பெட்டியடியில் கிடந்த படங்களை ஜனங்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் தாத்தா விமானி, எங்கள் மாமா விமானி என்பார்கள். காலர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்காருவார். காலருக்கு அழுத்துப் பித்தான் உண்டா, தோளில் பட்டை உண்டா, மணிக்கட்டில் கம்பளிப் பின்னல் எத்தனை அகலம், ஜிப்புக்குப் பின்னால் காற்றைத் தடுக்கும் பட்டை தெரிகிறதா என்று பார்ப்பார். எந்தப் படை, ஏறக்குறைய எந்த வருடம், ஆள் மேலே பறந்தவரா, கீழே நின்று எஞ்சினுக்கு எண்ணெய் விட்டவரா என்று சொல்லிவிடுவார். ஜிப் இடம் மாறி இருந்தால் படத்தையே இடவலம் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள் என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அப்படிச் சேர்ந்த படங்களில்தான் அவருடைய வாழ்க்கையின் பெரிய கண்டுபிடிப்பு கிடைத்தது. ஏழு குடும்பங்கள், ஏழு ஊர்கள், ஏழு இளைஞர்கள். ஏழு பேர் போட்டிருந்த தோல் ஜாக்கெட்டிலும் ஒரே குறை: வலது பையின் மூடி ஒரு விரல் அகலம் தாழ்ந்து, சாய்வாகத் தைக்கப்பட்டிருந்தது. படைக்குத் தைக்கிற பெரிய ஆலைகளில் இப்படி நடக்காது. ஆகவே சின்னத் தையற்கூடம் ஏதோ ஒன்று மொத்தமாகத் தைத்துக் கொடுத்திருக்க வேண்டும். அதெல்லாம் ஒரே பிரிவுக்குப் போயிருக்க வேண்டும். எந்த ஆவணத்திலும் இல்லாத பிரிவு! காலர் அதற்குச் 'சாய்ந்த பைப் பிரிவு' என்று பெயரே வைத்துவிட்டார். அருங்காட்சியகம் ஒரு முழுச் சுவரை ஒதுக்கிக் கொடுத்தது. சின்னப் புத்தகமும் அச்சானது. சனிக்கிழமை கண்காட்சித் திறப்பு. மனிதர் அந்த வாரம் முழுக்கத் தரையில் கால் பாவாமல் திரிந்தார்.

புதன்கிழமை மாமியார் வந்து இறங்கினார். பெரிய மருத்துவமனையில் தலைமைச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர்களே அவர் குரலுக்கு எழுந்து நிற்பார்களாம். பக்கத்து வீட்டில் ஒரு குடைகூட இரவல் வாங்க மாட்டார், நனைந்துகொண்டே போவார்.

"மாப்ள, உங்க தொழில்ல ஒரு கேள்வி" என்றார்.

காலர் காபியைக் கீழே வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அத்தை அவருடைய வேலையைத் தொழில் என்று ஒப்புக்கொண்டதே இன்றைக்குத்தான்.

கைப்பையிலிருந்து ஒரு படம் வெளியே வந்தது. ஒல்லியான இளைஞர், இடுப்பில் ஒரு கை, பாதிச் சிரிப்பு. "எங்கப்பா. நான் கைக்குழந்தையா இருக்கும்போதே போயிட்டார். அவரோடதுன்னு இந்த ஒரு படம்தான் இருக்கு."

அப்பா எங்கே தெரிந்தார் இவருக்கு? "அத்தை, பை சாஞ்சிருக்கு" என்றார் காலர், மூச்சு வாங்க.

"எந்தப் பை?"

"ஜாக்கெட் பை அத்தை. என் பிரிவுல எட்டாவது ஆளு! உங்கப்பா என் சுவத்துல இருக்க வேண்டியவர்."

"சுவரு கெடக்கட்டும்" என்றார் அத்தை. "இந்தக் கோட்டு எங்கப்பாவோடதா, இரவலா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்."

விஷயம் இதுதான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவர் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். சித்திக்குக் கோபம் வந்தால், கோபம் தினமும் வரும், ஒரே வசனம்தான்: "என்னமோ விமானக்காரன் மகள்னு நெனப்பு. படம் புடிக்கிறவன்கிட்ட கோட்ட இரவல் வாங்கி மாட்டிக்கிட்டு நின்னவன்தானே உங்கப்பன்." பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தாலும் அதுதான், பால் பொங்கி வழிந்தாலும் அதுதான். போன மாதம் சித்தி இறந்துவிட்டார்.

"போனவங்ககூட வாதாட முடியாது மாப்ள. எனக்காவது தெரியட்டும். அதுக்காக எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு ஆமான்னு சொல்லாதீங்க. எதைப் பாத்து சொல்றீங்களோ, அத நானும் பாக்கணும்."

"வெள்ளிக்கிழமை காட்டுறேன் அத்தை" என்று வாக்குக் கொடுத்துவிட்டார் காலர். அவருக்கு என்ன கவலை? பை சாய்ந்திருக்கிறது, பிரிவில் ஆள் சேர்ந்தாயிற்று, பிரிவில் இருப்பவனுக்கு ஜாக்கெட் அவனுடையதுதானே.

மறுநாள் காலையில் படத்தைப் பெரிதாக்கித் திரையில் போட்டார். இடது தோளுக்குக் கீழே, தோலில், தூண்டில் முள் போல வளைந்த ஒரு தழும்பு. அந்தத் தோலுக்குச் சொந்தமான ஆடு உயிரோடு இருந்தபோது வேலியில் கிழித்துக்கொண்டு ஆறிய காயம். தோல் ஜாக்கெட்டில் இதெல்லாம் சகஜம். ஆனால் இந்தத் தழும்பை அவர் வேறெங்கோ பார்த்திருக்கிறார். நான்காவது படம்! அதில் அது நெகட்டிவில் விழுந்த கீறல் என்று நினைத்துப் புத்தகத்துக்காக அழித்துவிட்டிருந்தார். மூலப் படத்தை எடுத்தார். அதே தழும்பு. இரண்டாவது படத்தில் நிழலுக்குள் பாதி. ஆறாவதில் மடிப்புக்குள் வால் மட்டும். ஒவ்வொன்றாக ஏழிலும் கண்டுபிடித்தார்.

ஒரே தையற்காரன் ஏழு பைகளைச் சாய்வாகத் தைக்கலாம். ஏழு ஆடுகள் ஒரே இடத்தில், ஒரே மாதிரி வேலியில் கிழித்துக்கொள்ளாது. பிரிவும் இல்லை, தையற்கூடமும் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் படம் பிடித்த யாரோ ஒரு படக்காரர், திரைச்சீலையோடு ஒரு ஜாக்கெட்டையும் பெட்டியில் வைத்திருந்திருக்கிறார். ஆசைப்பட்டவர்களுக்கெல்லாம் மாட்டிவிட்டிருக்கிறார். உலகத்தில் வேறு யாராவது இந்தப் படங்களைப் பார்த்திருந்தால், எல்லாம் ஒரே சட்டைதானே என்று முதல் பார்வையிலேயே சொல்லியிருப்பார்கள். விஷயம் தெரிந்த நம்மாளுக்குத்தான் ஒரு படையே தெரிந்திருக்கிறது.

சுவர் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். சித்தி சொன்னது சரி என்றல்லவா ஆகிறது? அத்தையிடம் போய் எந்த முகத்தோடு சொல்வது?

அருங்காட்சியகக் காப்பாளர் அம்மாவிடம் போய்ச் சொன்னார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏழு பேரும் போட்டிருக்கிறது ஒரே ஜாக்கெட்டா?"

"ஆமா மேடம்."

"புத்தகம் அச்சாயிடுச்சே." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நீங்களா சொல்லலேன்னா இத யாரு கண்டுபிடிக்கப் போறாங்க? இந்த விஷயம் தெரிஞ்ச ஆளே நீங்க ஒருத்தர்தான். யோசிச்சுட்டு வாங்க, எதுவா இருந்தாலும் நான் உங்க பக்கம்."

இதைவிட வசதி வேண்டுமா? வாயை மூடிக்கொண்டால் சுவரும் நிற்கும், அத்தைக்கும் ஆமாம் என்று சொல்லிவிடலாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமையலறையில் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டு, கிசுகிசுவென்று எல்லாவற்றையும் சொன்னார். அத்தை முன்னறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசாம ஆமான்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க. எதைப் பாத்து சொன்னீங்கன்னு கேப்பாங்க. நீங்க முழிப்பீங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வரும்னா நம்ம கல்யாணப் படத்துல நான் அழகா இருக்கேன்னாவது சொல்லியிருப்பீங்க."

"அதுல வெளிச்சம் சரியில்ல."

"பாத்தீங்களா?" அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே கேட்டாள். "ஆமா, அந்தப் படக்காரருக்குக் கோட்டு எங்கேருந்து வந்துச்சு? புதுசா வாங்கினாரா?"

"புதுசு எங்க? நல்லா உடம்புல கெடந்து பழகுனது. முழங்கையில அப்படியே மடிப்பு விழுந்து..." காலர் நிறுத்தினார்.

"என்ன?"

"மடிப்பு" என்றார் காலர். செருப்பை மாட்டிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குத் திரும்பி ஓடினார். காவலாளி சாவியோடு கிளம்பிக்கொண்டிருந்தார். அவரைக் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை அத்தையைச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஏழு படங்களும் ஆளுயரத்துக்குத் தொங்கின. அத்தையின் படத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்கி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார். காப்பாளர் அம்மா தள்ளி நின்றார். மனைவி விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அத்தை, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். இந்த ஏழு பேரும் போட்டிருக்கிறது ஒரே ஜாக்கெட். உங்கப்பா போட்டிருக்கிறதும் அதேதான். என் பிரிவு, படை எல்லாம் புஸ்ஸுன்னு போச்சு. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அத்தையின் முகம் மாறவில்லை. கைப்பையின் வாரை மட்டும் இறுக்கிப் பிடித்தார். "அப்ப இரவல்தான்."

"இருங்க. முழங்கையப் பாருங்க. தோலு ஒருத்தர் உடம்புல வருஷக்கணக்கா கெடந்தா, அவர் கை மடங்குற எடத்துல மடிப்பு விழும். அப்புறம் அது போகவே போகாது. இவரப் பாருங்க, மடிப்பு முழங்கைக்குக் கீழ நிக்குது. குட்டைக் கை. அடுத்தவருக்கு மேல ஏறி நிக்குது. ஏழு பேர்ல ஒருத்தருக்கும் சரியா உக்காரல. இப்ப உங்கப்பாவப் பாருங்க."

இடுப்பில் வைத்த கை எங்கே மடங்கியதோ, மடிப்பு அங்கேயே இருந்தது.

"அளவு ஒத்துப்போற ஆளு ஊர்ல எத்தனையோ பேர் இருப்பாங்க" என்றார் தலைமைச் செவிலி.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இந்தப் பை ஓரத்தப் பாருங்க." இடது பையின் விளிம்பில், ஏழு படங்களிலும், தோல் தேய்ந்து வெளுத்த ஒரு சின்னத் திட்டு இருந்தது. ஒரு காசு அளவுதான். "யாரோ ஒருத்தர் எந்நேரமும் கட்டைவிரல அங்க செருகிச் செருகித் தேய்ச்சிருக்காரு. இவங்க ஏழு பேரும் அந்தப் பக்கமே கை வைக்கல. அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது அவங்களுக்கு."

அத்தை எட்டாவது படத்துக்கு முன்னால் குனிந்தார். இடுப்பில் ஒரு கை. இன்னொரு கையின் கட்டைவிரல், தன் வீட்டுக்குள் நுழைவது மாதிரி, அந்த வெளுத்த திட்டின் மேல் கிடந்தது.

அத்தை விரலை நீட்டி, படத்தில் இருந்த விரலைத் தொட்டார்.

"பறந்தாரா?"

"தெரியாது அத்தை. அது படத்துல இல்ல. ஏன் படக்காரர்கிட்ட குடுத்தாருன்னும் தெரியாது. மணிக்கட்டுப் பின்னலெல்லாம் இவர் படத்துலதான் நைஞ்சு போகாம இருக்கு. அதனால இதுதான் முதல் படம். ஜாக்கெட் இவரோடது. அது நிச்சயம்."

"என்னோட அப்பாவோடது" என்றார் அத்தை, யாரிடமோ திருத்திச் சொல்வது போல. பிறகு அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து நன்றாக அழுதார். மகள் பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள். காலருக்கும் கண் கலங்கிவிட்டது.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மாப்பிள்ளை ஏணியில் ஏறி முதல் படத்தை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"இவங்கள எறக்கணும் அத்தை. இவங்கதான் இரவல். ஏழு வீட்டுக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன், உங்காளு சும்மா மாட்டிக்கிட்டு நின்னாருன்னு."

"எறங்குங்க மாப்ள."

காலர் இறங்கினார். அந்தக் குரலுக்கு டாக்டர்களே இறங்குவார்கள்.

"அந்த வார்த்தைய ஒரு வீட்டுலயும் சொல்லக் கூடாது. அந்த வீட்டுலெல்லாம் என்னைய மாதிரி பொண்ணுங்க இருக்கும்." அத்தை எழுந்து ஏழு பேரையும் ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். "பொய்யும் எழுத வேணாம். ஜாக்கெட் எங்கப்பாவோடதுன்னு முதல்ல போடுங்க. அதுக்குக் கீழ, இவங்க ஏழு பேருக்கும் அவர் போடக் குடுத்தாருன்னு எழுதுங்க."

காப்பாளர் அம்மா பேனாவை எடுத்தார். மாப்பிள்ளை கழற்றிய படத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினார். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்து, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்று சொன்னது அத்தைதான்.