மொய் நோட்டின் முதல் வரி

அக்காவுக்கு நான் தர வேண்டியது பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட வருடம், ஆஸ்பத்திரிக்குக் கட்ட அவள் தன் சங்கிலியை விற்றுக் கொடுத்த பணம். அவள் மகள் கல்யாணத்துக்கு முன்னால் தந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஆறு வருடம் ஓடிவிட்டது. இன்று அந்த மகளுக்குக் கல்யாணம்.

என்னிடம் இருந்தது இரண்டாயிரத்து முன்னூற்று ஒன்று. கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்து, பையின் வாயை ஊக்கு குத்தி மூடியிருந்தேன். மண்டபத்தில் கடைசி வரிசையில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகம் கழுவிய ஆட்கள் என் தோள்மேலேயே கையை உதறிவிட்டுப் போனார்கள். அதுவும் நல்லதுதான், எனக்கு வேர்த்தது தெரியவில்லை.

எப்படிக் கொடுப்பது என்பதுதான் புரியவில்லை. மொய்யாக எழுதினால், கடனைக் கட்ட வக்கில்லாதவனுக்கு மொய் ஒரு கேடா என்பார் அத்தான். கடனில் கழித்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினால், தாய்மாமன் வெறுங்கையோடு வந்தான் என்றாகிவிடும். சும்மாவும் இருக்க முடியாது. மொய் நோட்டில் முதல் வரி தாய்மாமனுடையது. அது விழுந்த பிறகுதான் அவன் மணப்பெண்ணுக்கு மாலை போட்டு, கைபிடித்து மேடைக்கு அழைத்துப் போவான்.

அத்தான் தையற்காரர். பேச்சும் அளந்துதான் வரும். கோபம் வந்தால் மட்டும் எனக்கு 'நீங்க' போடுவார். பத்திரிகை கொடுக்க வந்தபோது சொன்னார்: "கணக்கை முடிச்சிட்டு மேடை ஏறுங்க. இல்லன்னா உங்க சித்தப்பா மகன் இருக்கார்."

சித்தப்பா மகன் மேஸ்திரி. அவரிடம்தான் நான் கலவை போடுகிறேன். இப்போது பட்டு வேட்டியில் மேடைக்குக் கீழே நின்று, மாலைத் தட்டைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

மொய் மேசைப் பக்கம் இரண்டு தடவை போய்த் திரும்பினேன். அத்தான் கடையில் துணி வெட்டுகிறவர் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தொகையையும் மைக்கில் வாசித்தார்கள். இரண்டாவது வரியிலிருந்து பக்கம் நிரம்பியிருந்தது. முதல் வரியில் 'தாய்மாமன்' என்று மட்டும் இருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாமலே இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

"வாங்க மாமா, உங்க வரி பட்டினி கிடக்கு," என்றார் அவர். கை கழுவ வந்தேன் என்றேன். இன்னும் பந்தியே போடவில்லையே என்றார்.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கிறது, தாய்மாமன் எங்கிருந்தாலும் வரவும் என்று மைக் சொன்னது. மேஸ்திரி தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். ஊக்கைக் கழற்றும்போது விரலில் குத்திக்கொண்டேன். பேசாமல் போய்விடலாம் என்று வாசலில் செருப்பைத் தேடினேன்.

"எங்கடா போற?"

அக்கா. இடுப்பில் சாவிக்கொத்து, கண்ணெல்லாம் தூக்கமில்லாத சிவப்பு. கவரை நீட்டினேன். "இவ்வளவுதான்க்கா இருக்கு."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்து மொய் மேசைக்கு இழுத்துப் போனாள். அங்கே அத்தானும் வந்து நின்றிருந்தார். கவருக்குள் விரலை விட்டு ஒற்றை ரூபாய் நாணயத்தை மட்டும் எடுத்து மேசையில் வைத்தாள். மிச்சத்தை என் பையிலேயே திணித்தாள்.

"எழுதுங்க. தாய்மாமன், பதினெட்டாயிரத்து நானூத்தி ஒண்ணு."

எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தானைப் பார்த்தார்.

"பணம் எங்க?" என்றார் அத்தான்.

"வந்துடுச்சு. அவன் கால்ல நின்னு நடந்து வந்திருக்கான். அதுக்குத்தானே குடுத்தேன்? ஒத்த ரூபா இதோ இருக்கு."

அத்தான் என் இடது காலைப் பார்த்தார். இப்போதும் கொஞ்சம் கோணியே நிற்கும் கால். கணுக்காலிலிருந்து முட்டிவரை, பேன்ட்டுக்கு அளவெடுப்பதுபோல மெதுவாகப் பார்த்தார். மேளக்காரர்கள் மேடையையே பார்த்துக் காத்திருந்தார்கள்.

"எழுதுப்பா," என்றார் கடைசியில். என் பக்கம் திரும்பி, "மாலையை எடு மச்சான், நேரமாச்சு," என்றார்.

மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் தட்டை நீட்டினார். மாலை நார் என் விரல் வெடிப்புகளில் சிக்கிக்கொண்டது. பிய்த்துவிடுவேனோ என்ற பயத்தோடே மருமகள் கழுத்தில் போட்டேன். மைக்கில் முதல் வரியை வாசித்தார்கள். படியேறும்போது அத்தான் என் காதருகே வந்தார்.

"மொய்யா விழுந்திடுச்சு. உன் வீட்டு விசேஷத்துக்கு இனி நாங்கதான் திருப்பிச் செய்யணும்."

சிரிக்கவில்லை. அளந்துதான் சொன்னார்.