பச்சைக் கோடு

செந்தாமரை மொட்டைமாடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீட்டரின் முனைகளை வயரில் வைத்துப் பார்த்தாள். சோலார் தகடுகளிலிருந்து கரண்ட் தாராளமாக வந்தது. கீழே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. அப்படியானால் தெருக்கம்பத்துக் கரண்டும் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கிற இன்வெர்ட்டர்தான் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா கிடந்தது.

நன்னிலம் பக்கத்து இந்த வீட்டுக்கு ஒரே மாதத்தில் மூன்றாம் தடவை. முன்பு இரண்டு தடவையும் சொல்லிவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடியது. இதென்ன கண்ணாமூச்சி! "மாட்டுனது நீதானே? ஒன் வேலைதான் தப்புன்னா நாளையிலேர்ந்து வர வேணாம்" என்று காலையில் சூப்பர்வைசர் கத்தியிருந்தார். அந்த ஆத்திரத்தில்தான் இன்று சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டாள்.

சுவரிலிருந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளே திருகு சுவிட்ச் அணைந்திருந்தது. அது தானாக விழுகிற சுவிட்ச் இல்லை, கையால் திருப்பினால்தான் அணையும். கறுப்புப் பிடியில் ஈரம் காயாத இட்லி மாவு ஒட்டியிருந்தது.

படியேறி வந்த வீட்டுக்காரி அம்சவல்லி, மாவுக்கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

"ஏங்க்கா, நீங்களா?"

"அவருகிட்ட சொல்லிடாதம்மா. மஸ்கட்லேர்ந்து கரண்டு வர்றத போன்லயே பாக்குறாரு. பச்சைக் கோடு ஏறுனா நல்லா ஓடுதுன்னு விட்டுடுவாரு. நாலு மாசமா ஒரு பேச்சு கெடையாது. ஒரு நாள் கோடு படுத்துச்சு, அஞ்சு நிமிஷத்துல கூப்புட்டாரு. கரண்டப் பாக்க நேரம் இருக்கு அவருக்கு."

செந்தாமரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் விளையாட்டுக்குத் தன் பிழைப்பா கிடைத்தது? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அம்சவல்லியின் போன் அடித்தது.

அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! கையைத் துடைத்து, முடியை ஒதுக்கிக்கொண்டுதான் எடுத்தாள்.

"ஆளு வந்தாச்சா?" அவள் புருஷன் பிரபுவின் குரல் வெளியே வரை கேட்டது.

"வந்துட்டாங்க. நீங்க சாப்புட்டீங்களா? நம்ம வயல்ல குறுவை கதிர் விட்டுருச்சு, ஒரு தடவை வந்து..."

"சரி சரி. ஓடுதான்னு பாத்துச் சொல்லு."

வைத்துவிட்டான். அம்சவல்லி போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

செந்தாமரையின் புருஷன் வீரையன் கேரளத்தில் கட்டட வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இவள் போனைக் கையிலேயே வைத்திருப்பாள், குளிக்கப் போனால்கூட வாசல்படியில் வைத்துவிட்டுத்தான் போவாள். அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை. சுவிட்சைத் திருப்பினாள், விளக்கு பச்சையானது. கம்பெனி படிவத்தில் இரண்டே கட்டம்: வீட்டார் தவறு, பொருத்தியவர் தவறு. எதைத் தொட்டாலும் அது அப்படியே மஸ்கட்டுக்கும் போகும். இரண்டாவதைத் தொட்டு அனுப்பினாள்.

"என்னன்னு போட்ட?"

"வயரு லூசுன்னு."

"நீ நல்லா இருக்கணும்மா" என்றாள் அம்சவல்லி. ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினாள்.

பஸ் கிளம்புவதற்குள் சூப்பர்வைசரின் செய்தி வந்துவிட்டது: மீட்டரையும் பையையும் சாயங்காலம் ஒப்படைக்கவும். செந்தாமரை பையை மடியில் வைத்துக்கொண்டு போனில் அந்த வீட்டின் கரண்ட் கணக்கை ஒரு தடவை திறந்து பார்த்தாள். ஏறி ஏறி வந்த பச்சைக் கோடு பன்னிரண்டரைக்கு மறுபடி படுத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.